முன்சக்கரத்துக்கு ஒரு தாள் கனம், பின்சக்கரத்துக்கு ஓர் ஆள் எடை

ஃபோக்ஸ்வாகன் கார்களை நெதர்லாந்தில் இறக்குமதி செய்துவந்த பென் பொன் 1947-இல் தன் குறிப்பேட்டில் ஒரு பெட்டி வண்டியைக் கிறுக்கி வைத்தார். 1950-இல் அது டைப் 2 என்ற பெயரில் ஆலையிலிருந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து, ஊர் சுற்றுகிறவர்களுக்கான நடமாடும் வீடாக மாற்றத் தொடங்கியது. அந்த வரிசையின் இரண்டாம் தலைமுறை, வளைந்த ஒற்றை முன்கண்ணாடியோடு 1967 ஆகஸ்டிலிருந்து 1979 வரை ஜெர்மனியில் தயாரானது. இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாலையில் ஓடும் பழைய கேம்பர் வண்டிகளில் கணிசமானவை இவைதான். இந்த வண்டியின் சக்கர பேரிங்கைப் பார்க்க என்ன கருவிகள் வேண்டும், ஒவ்வொன்றும் ஏன் வேண்டும் என்பதைச் சொல்கிறேன். கருவியின் பெயர் தெரிந்தால் கடையில் வாங்கிவிடலாம். காரணம் தெரிந்தால்தான் பேரிங்கைக் கெடுக்காமல் வேலையை முடிக்க முடியும்.

முதலில் நோயைக் கண்டுபிடிப்போம். பேரிங் தேய்ந்தால் ஓடும்போது அடிக்குரலில் ஓர் உறுமல் கேட்கும். வேகம் கூடினால் சத்தமும் கூடும். எஞ்சின் வேகத்தை மாற்றினாலும் அது மாறாது. சாலை வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் பெரிதானால் சந்தேகம் இடப்பக்கத்துக்குப் போக வேண்டும். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் பேரிங்கில். பிரேக்கை அழுத்திய பிறகும் ஆடினால் பால் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனை, தேவையில்லாமல் பேரிங் மாற்றும் வேலையிலிருந்து பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் இருக்கின்றன. ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த உருளைகள் கோன் என்ற உள்வளையத்தைச் சுற்றி வரிசையாக நிற்க, வெளியே கப் என்ற வெளிவளையம் அவற்றைத் தாங்குகிறது. ஹென்றி டிம்கன் அமெரிக்காவில் குதிரை வண்டிகள் கட்டியவர். வண்டி திரும்பும்போது பக்கவாட்டில் வரும் தள்ளலைச் சாதாரண அச்சுகள் தாங்காமல் தேய்வதைப் பார்த்துத்தான், 1898-இல் இந்த வகைப் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். சாய்வான உருளை, மேலிருந்து வரும் எடையையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளலையும் ஒன்றாகத் தாங்கும். அதற்கு ஒரு விலை உண்டு. உருளைகளை எவ்வளவு நெருக்கி வைப்பது என்பதை நட்டை முடுக்கும் மெக்கானிக்தான் முடிவு செய்ய வேண்டும்.

பின்சக்கரத்தில் கதை வேறு. அங்கே ஒரு பால் பேரிங், ஒரு ரோலர் பேரிங், நடுவே ஒரு ஸ்பேசர் குழாய். இங்கே நெருக்கத்தைச் சரிசெய்ய எதுவும் இல்லை. ஹப்பையும் உள் ரேஸ்களையும் (உள்வளையங்களையும்) ஸ்பேசரையும் ஒரே கட்டாக இறுக்கிப் பிடிப்பதுதான் அந்தப் பெரிய நட்டின் வேலை. ஆகவே ஒரே வண்டியில், முன்னால் விரலால் முடுக்குவதுபோல் மென்மையும் பின்னால் முழு உடம்பின் பலமும் தேவைப்படுகின்றன. முன்சக்கரத்தில் பலத்தைக் காட்டுகிறவர் பேரிங்கை எரிப்பார். பின்சக்கரத்தில் தயங்குகிறவர் அச்சையே இழப்பார். சிறப்புக் கருவிகள் தேவைப்படுவது இந்த இரண்டையும் ஊகத்துக்கு விடாமல் அளந்து செய்வதற்காக.

கருவிகளுக்குப் போகும் முன் ஒரு விதி. பேரிங்கை ஏற்றும்போதோ இறக்கும்போதோ, கொடுக்கும் விசை உருளைகளின் வழியாகவோ குண்டுகளின் வழியாகவோ போகக் கூடாது. எந்த ரேஸ் இறுக்கமாக உட்கார வேண்டுமோ அந்த ரேஸின் மேல்தான் அழுத்த வேண்டும். கூட்டுக்குள் வெளி ரேஸ் இறுக்கம் என்றால் வெளி ரேஸைத் தட்டுங்கள். அச்சின் மேல் உள் ரேஸ் இறுக்கம் என்றால் உள் ரேஸைத் தட்டுங்கள். மாற்றித் தட்டினால் குண்டுகள் ரேஸின் பளபளப்பான தளத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைப் பதித்துவிடும். புதிய பேரிங், மாட்டிய அன்றே உறுமத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கடைக்காரர் போலிச் சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று அவரைத் திட்டிப் பயனில்லை.

முன்சக்கரத்திலிருந்து ஆரம்பிப்போம். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியானால் காலிப்பரைக் கழற்றி ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை இறங்கக் கூடாது. பிறகு நடுவில் உள்ள கிரீஸ் மூடி. இடப்பக்க மூடியின் நடுவில் ஒரு சிறு கிளிப்போ காட்டர் பின்னோ இருக்கும். இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் இடது முன்சக்கர அச்சின் துளை வழியாக வந்து அந்த மூடியில் முடிகிறது. சக்கரம் சுற்ற, மூடி சுற்ற, கேபிளும் சுற்றும். கிளிப்பை எடுக்காமல் மூடியைப் பிடுங்கினால் கேபிளின் முனை போய்விடும். மூடியைப் பிடுங்கத் தனி இடுக்கி விற்கிறார்கள். விளிம்பைச் சுற்றிச் சிறு உளியால் மாறி மாறித் தட்டினாலும் வந்துவிடும் என்பதால் அந்த இடுக்கியை அவசியம் என்று சொல்ல மாட்டேன்.

மூடிக்கு அடியில் நட்டு. இது பிளந்த நட்டு. ஓர் ஆலன் போல்ட் அதை அச்சின் மேல் கவ்விப் பிடித்திருக்கும். முதலில் ஆலன் கீயால் அந்தப் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அதன் பிறகு நட்டு எளிதாகச் சுற்றும். ஆனால் எந்தப் பக்கம்? இடப்பக்க அச்சில் இருப்பது இடது மரை. வலஞ்சுழியாகச் சுற்றினால் கழலும், இடஞ்சுழியாகச் சுற்றினால் இறுகும். வண்டி முன்னோக்கி ஓடும்போது, இடப்பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்தச் சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றுவது தெரியும். உள்ளே ஏதாவது பிடித்து நட்டைக் கூடவே இழுத்தால், சாதாரண மரை கழன்றுபோகும். இடது மரையோ இறுகும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இதை அறியாமல் குழாய் மாட்டி எதிர்ப்பக்கம் நெம்பினால் மரை பிய்ந்துவிடும். பின்சக்கர நட்டுகள் இரண்டும் வழக்கமான வலது மரைதான்.

ஹப் கையில் வந்ததும் உள்பக்க சீலை எடுக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் தன் பணிமனைகளுக்குக் கொடுத்த கருவிகளுக்கு எண் போட்டிருந்தது. சீல் பிடுங்கும் கொக்கி நெம்புகோலுக்கு 681 என்று எண். அதே வடிவில் இன்று கருவிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாலும் சீல் வரும், ஆனால் சீல் உட்காரும் வளையத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகப் பிற்பாடு கிரீஸ் கசிந்து பிரேக்கில் இறங்கும். சில நூறு ரூபாய் விலையுள்ள கருவிக்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டியதில்லை.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு உருளைகளையும் ரேஸ்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். தளம் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் இன்னும் ஓடும். நீலம் பாரித்திருந்தால் சூடேறியிருக்கிறது. பொத்தல், செதில், துருக்கோடு எது இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுழல விடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் உருளைகள் தங்கள் தளத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்ளும். உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு பிளந்து உருளை தெறிக்கவும் வாய்ப்பு உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

பேரிங் மாற்றுவதென்றால் கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கப்பில் புதிய கோன் பொருந்தாது. கப்பை வெளியேற்ற ஒரு பித்தளைத் தண்டு போதும். மாற்றி மாற்றி எதிரெதிர்ப் பக்கத்தில் தட்டினால் சாயாமல் இறங்கும். புதிய கப்பை உட்கார வைக்க, வெவ்வேறு விட்டங்களில் அலுமினியத் தட்டுகள் கொண்ட டிரைவர் செட் வேண்டும். தட்டின் ஒரு பக்கம் சரிவாகக் கடைந்திருக்கும், அது கப்பின் சரிவில் சரியாகப் பொருந்தும். அலுமினியம் எஃகைவிட மென்மை என்பதால் தளத்தில் கீறல் விழாது. இந்த செட் இல்லாதவர்கள் கழற்றிய பழைய கப்பின் வெளிவட்டத்தைச் சற்றே தேய்த்துக் குறைத்து, அதையே புதிய கப்பின் மேல் வைத்துத் தட்டுவார்கள். நல்ல முறைதான். கப்பை முந்தின இரவு ஃப்ரீசரில் வைத்திருந்தால் வேலை இன்னும் லேசாகும். 60 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 40 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.03 மி.மீ. சுருங்கும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும், ஆனால் இறுக்கப் பொருத்தத்தில் அந்த அளவே எதிர்ப்பை நன்றாகக் குறைத்துவிடும். கப் அடித்தளத்தைத் தொட்டதும் சுத்தியல் சத்தம் மாறும். மொத்தையாகக் கேட்டது கணீரென்று கேட்கும்.

கிரீஸ் ஏற்றுவதற்கு இரண்டு கூம்புகளுக்கு நடுவே பேரிங்கை வைத்து அழுத்தும் ஒரு கருவி உண்டு. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் பருத்த பக்கத்தை அதில் குத்திக் குத்தி, மேல்பக்கம் கிரீஸ் பிதுங்கும்வரை ஏற்றுவது பழைய முறை. கைமுறையே எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு உருளைக்கும் இடையில் கிரீஸ் போனதைக் கண்ணால் பார்க்கலாம், ஒரு சிறு மணல் இருந்தாலும் விரல் சொல்லிவிடும். உயர் வெப்பம் தாங்கும் லித்தியம் கிரீஸ் போதும். பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாமல் அதன் மேலேயே புதியதை ஏற்றக் கூடாது. வகை ஒத்துப்போகாவிட்டால் கலவை இளகி ஓடிவிடும். இடப்பக்க மூடிக்குள் கிரீஸை அடைக்காதீர்கள். அது அச்சுத் துளை வழியாகக் கேபிளுக்குள் போய்ச் சேரும்.

இப்போது முக்கியமான கட்டம், நெருக்கத்தைச் சரிசெய்வது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முடுக்கி உருளைகளை அவற்றின் இடத்தில் உட்கார வையுங்கள். பிறகு நட்டைப் பின்வாங்குங்கள். சக்கரத்தை அச்சு வாக்கில் வெளியே இழுத்து உள்ளே தள்ளும்போது 0.03 முதல் 0.12 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நாம் எழுதும் சாதாரணத் தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. அந்த அளவை டயரை ஆட்டிப் பார்த்துக் கை சொல்லிவிட முடியாது. காந்த அடி வைத்த டயல் கேஜ் சொல்லும். அடியை டிஸ்க்கின் மேலோ டிரம்மின் மேலோ நிறுத்தி, முள்ளின் நுனியை அச்சின் முனையில் வைத்து, ஹப்பை இழுத்துத் தள்ளினால் முள் எவ்வளவு நகர்கிறதோ அதுதான் ஆட்டம். ஆலன் போல்ட்டை முடுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும், ஏனென்றால் கவ்வும்போது நட்டு லேசாக நகரும். இந்த வேலைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் டயல் கேஜை வாங்கச் சொல்வேன். ஆட்டமே இல்லாமல் முடுக்கினால், ஓட ஓடச் சூடேறி உலோகம் விரியும், விரிய விரிய இறுகும், இறுக இறுக இன்னும் சூடேறும். கடைசியில் கிரீஸ் உருகி ஓடி, உருளைகள் பிடித்துக்கொண்டு உள் ரேஸையும் அச்சின் மேல் சுற்ற வைக்கும். அப்போது போவது பேரிங் மட்டுமில்லை, அச்சும்தான். ஐம்பது வயதான வண்டிக்கு அச்சு தேடுவது எளிதல்ல.

பின்சக்கரத்துக்கு வருவோம். காட்டர் பின்னை உருவியதும் தெரியும் நட்டு 46 மி.மீ. அதே நிறுவனத்தின் பீட்டில் காருக்கு 36. சாதாரண கருவிப்பெட்டியில் 46 சாக்கெட் இருக்காது. அரை அங்குலச் சதுரத் துளை உள்ள சாக்கெட்டை வாங்காமல் முக்கால் அங்குலத்தையே வாங்குங்கள். இந்த நட்டுக்கான முறுக்கம் 320 முதல் 350 நியூட்டன் மீட்டர். அரை அங்குலத் தண்டு அந்த இடத்தில் முறிந்தால், நெம்பிக்கொண்டிருக்கிறவர் முகத்தை மட்கார்டில் மோதிக்கொள்வார். நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும். கைப்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து. ஜாக்கியில் தூக்கிய வண்டியில் இந்த அளவு விசையைப் போடுவது உயிரோடு விளையாடுவது.

பல ஆண்டு துருவில் உட்கார்ந்த நட்டுக்கு நீளக் குழாயும் போதாமல் போகலாம். சுத்தியலால் அடித்துச் சுற்றும் தடித்த வளைய ஸ்பேனர் ஒன்று விற்கிறார்கள். கழற்றுவதற்கு மட்டும் அது உதவும். இன்னும் நல்லது, முறுக்கத்தைப் பெருக்கும் கியர் கருவி. சக்கர ஸ்டட் ஒன்றில் அதன் கை முட்டி நிற்கும், உள்ளே உள்ள பற்சக்கரங்கள் நீங்கள் கொடுப்பதை 9 மடங்காக்கும். அப்படிப் பார்த்தால் 350 நியூட்டன் மீட்டருக்கு உங்கள் டார்க் ரெஞ்சில் சுமார் 39 வைத்தால் போதும். ஒற்றைக் கையால் முடிகிற வேலை. ஏர் கன் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தலாம். முடுக்குவதற்கு வேண்டாம், அது எவ்வளவு முடுக்கியது என்று யாருக்கும் தெரியாது.

முடுக்குவதற்குப் பெருக்கும் கருவியும் டார்க் ரெஞ்சும் இல்லையென்றால் கணக்கு இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர், நட்டின் மையத்திலிருந்து சரியாக அரை மீட்டர் தள்ளி, தரைக்கு இணையாக நிற்கும் தண்டின் மேல் தன் முழு எடையையும் அசையாமல் வைத்தால், நட்டுக்குக் கிடைப்பது 343 நியூட்டன் மீட்டர். எடை வேறாக இருந்தால் தூரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். குதிக்கக் கூடாது, எதையாவது பிடித்துக்கொண்டு மெல்ல எடையை இறக்க வேண்டும். இது குத்துமதிப்பு இல்லை, முறையான அளவுதான். அளவுக்கு வந்த பிறகும் காட்டர் பின் துளை நேர்ப்படாவிட்டால் இன்னும் சற்று முடுக்கி நேர்ப்படுத்துங்கள். தளர்த்தி நேர்ப்படுத்தக் கூடாது. பின்னைப் புதிதாகவே போடுங்கள்.

ஏன் இவ்வளவு முறுக்கம்? எஞ்சினின் சக்தி அச்சிலிருந்து ஹப்புக்குப் போவது பல்வரிசை வழியாக. நட்டு தளர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் அந்தப் பற்கள் முன்னும் பின்னும் இடித்துத் தேயும். கொஞ்ச காலத்தில் ஹப்பின் பற்கள் மழுங்கி அச்சு மட்டும் உள்ளே சுற்றும், வண்டி நகராது. இதைப் பேரிங் கோளாறு என்று நினைத்துப் பேரிங்கை மட்டும் மாற்றுகிறவர்கள் உண்டு.

பின்பக்க பேரிங்கையே மாற்றுவதானால் டிரைவ் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். அதன் போல்ட் தலைகளுக்குள் பல வண்டிகளில் ஆலன் அறுகோணத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு முனை உள்ள நட்சத்திரக் குழி இருக்கும். அதற்கான 8 மி.மீ. பிட் தனி. ஆலன் கீயை நுழைத்துச் சமாளிக்கப் பார்த்தால் குழி வட்டமாகிவிடும். அதன் பிறகு அந்தப் போல்ட்டை வெளியே எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். குழியில் அடைந்திருக்கும் கிரீஸையும் மண்ணையும் சுரண்டி எடுத்து, பிட்டை ஒரு தட்டுத் தட்டி அடிவரை இறக்கிய பிறகே சுற்றுங்கள். கூட்டுக்குள் பெரிய சர்க்லிப் ஒன்று உண்டு. அதற்கு நீண்ட மூக்குள்ள சர்க்லிப் பிளேயர் வேண்டும். பேரிங்கை உட்கூட்டிலிருந்து இழுக்கத் தண்டில் எடை சறுக்கி மோதும் ஸ்லைடு ஹேமர் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பட்டியலில் அதன் எண் 771. வாங்கினால் வாழ்நாளில் ஓரிரு முறைதான் பயன்படும் என்பதால் அதை வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். புதிய பேரிங்கை உள்ளே இழுக்க, தடித்த நீண்ட மரைத்தண்டும் இரு முனையிலும் பொருத்தமான விட்டத்தில் இரண்டு தட்டுகளும் போதும். லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். சுத்தியலைவிட இது மேல், ஏனென்றால் பேரிங் நேராகத்தான் போகும், ஒரு பக்கம் முந்தாது.

எல்லாம் மாட்டி முடித்ததும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, கூடுமானவரை பிரேக் போடாமல் நிறுத்தி, நான்கு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் துப்பாக்கி வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. வெதுவெதுப்பு இயல்புதான். இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பக்க நட்டு அதிகமாக இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் எது என்று தெரியும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு முன்பக்க ஆட்டத்தை டயல் கேஜால் மறுபடி அளந்துவிடுங்கள். புதிய கப்புகள் அடித்தளத்தில் முழுதாகப் படிய அவ்வளவு தூரம் ஓட வேண்டும், படிந்த பிறகு ஆட்டம் சற்றுக் கூடியிருக்கும்.